கூடையும் கருப்பையும்: பெருந்தோட்டப் பெண்களின் அடியிறக்கமும் அதன் சிகிச்சை வரலாறும்

வைத்தியத்தின் வரலாறு பெரும்பாலும் வைத்தியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எவர் எந்தச் சத்திரசிகிச்சையைச் செய்தார், பின்னர் அதனை எவர் திருத்தியமைத்தார் என்னும் விபரங்களே அதில் முதன்மை பெறுகின்றன. கத்தியின் கீழ்ப் படுத்திருந்தவர் யார், எத்தகைய உழைப்பு அவரை அந்நிலைக்குக் கொணர்ந்தது, சிகிச்சை முடிந்தபின் அவர் எங்கே திரும்பிச் சென்றார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இக்கட்டுரையில் நாம் ஒரு நோயை எடுத்துக்கொண்டு இவ்வினாக்களை எழுப்ப முனைகிறோம். பெண்ணின் இடுப்புக்குழியிலுள்ள உறுப்புகள் தம் இடத்தைவிட்டுக் கீழிறங்கும் நோய் அது. வைத்திய நூல்கள் அதனைக் கருப்பை இறக்கம் என்று குறிப்பிடுகின்றன. பேச்சு வழக்கில் அடியிறக்கம் என்பர். வாய்விட்டுச் சொல்லப்படாத நோய்களுள் இது ஒன்று.

சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டத்திலுள்ள அரநாயக்கப் பிரதேசத்தை எமது நோக்குநிலையாகக் கொள்கிறோம். மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில், தென்மேற்குப் பருவமழையை நேரே ஏற்கும் இடத்தில் அமைந்தது இப்பிரதேசம். 2016 மே 17ஆம் நாள் சாமசர மலை சரிந்து குடியிருப்புகளைப் புதைத்த செய்தியின் மூலமே வெளியுலகம் இப்பெயரை அறிந்துகொண்டது. அன்று சரிந்த மண்ணை ஒத்த செங்குத்தான சரிவுகளிலேதான் இம்மாவட்டத்தின் தேயிலையும் றப்பரும் வளர்கின்றன. அச்சரிவுகளில் ஒரு பெண் நாள்தோறும் பாரத்துடன் ஏறி இறங்குகிறாள். இந்நோய்க்கான சிகிச்சைகளை உலகம் கண்டறிந்த வரலாற்றை, அவள் நிற்கும் இடத்தில் நின்று வாசித்துப் பார்ப்பதே எமது நோக்கமாகும்.

1. நோயின் இயல்பு

இடுப்பெலும்பின் அடிப்புறத்தில் தசைகளும் இழையங்களும் ஒரு தொட்டில்போல் விரிந்துள்ளன. கருப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியன அத்தொட்டிலின்மேல் தங்கியிருக்கின்றன. பிரசவத்தின்போது அத்தசைகள் பன்மடங்கு விரிந்துகொடுக்கின்றன. சிலருக்கு அவை எலும்பிலிருந்தே கிழிந்து விலகிவிடுவதுமுண்டு. தொட்டில் தளர்ந்தபின் உறுப்புகள் படிப்படியாகக் கீழிறங்கி, முற்றிய நிலையில் உடலுக்கு வெளியே பிதுங்குகின்றன. அடிவயிற்றில் பாரம், நாரி நோவு, சிறுநீர் கசிதல் அல்லது கழிக்க முடியாமை, உட்கார்வதிலும் நடப்பதிலும் இடர்ப்பாடு ஆகியன இதன் அறிகுறிகள். வெளிவந்த பகுதி துணியில் உரசிப் புண்ணாவதும் உண்டு. இந்நோய் பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. உடனடியாக உயிரைப் பறிக்காத நோய் நிர்வாகத்தின் கணக்கில் நோயாகவே கொள்ளப்படுவதில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இந்நோய்க்கு உழைப்பே ஒரே காரணம் என்று கூறுவது பிழையாகும். பிரசவமே தலையாய காரணம். பிரசவங்களின் எண்ணிக்கை, மாதவிடாய் நின்றபின் ஏற்படும் சுரப்புக் குறைவு, முதுமை, பரம்பரை ஆகியன அதனுடன் சேர்கின்றன. வசதி படைத்த குடும்பத்துப் பெண்களுக்கும் இது வருகிறது. ஆயின் நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், போசாக்கின்மை, பாரம் தூக்குதல், பிரசவத்தின்பின் ஓய்வின்றி வேலைக்குத் திரும்புதல் ஆகியவற்றையும் வைத்தியர்கள் இக்காரணங்களுடன் வைத்தே எண்ணுகின்றனர். நோய் வரக்கூடிய வாய்ப்பினை உடற்கூறு வழங்குகிறது. அது எந்த வயதில் வரும், எவ்வளவு முற்றும், எத்தனை ஆண்டுகள் சிகிச்சையின்றிச் சுமக்கப்படும் என்பவற்றைச் சமூக உறவுகளே பெரிதும் தீர்மானிக்கின்றன. வளர்முக நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளிவந்த மதிப்பீடொன்று, இந்நோயுள்ள பெண்களின் சராசரி விகிதத்தை 19.7 சதவீதமெனக் கணித்தது. தனித்தனி ஆய்வுகளின் முடிவுகளோ 3.4 முதல் 56.4 சதவீதம் வரை வேறுபட்டிருந்தன. ஆய்வு முறைகளின் வேறுபாடு இவ்விடைவெளியின் ஒரு பகுதியை விளக்கலாம். பெண்ணின் உடற்கூறு எங்கும் ஒன்றேயாதலால் உடற்கூற்றைக் கொண்டு மட்டும் அதனை விளக்குதல் இயலாது.

2. ஏணியிலிருந்து கத்தி வரை

இந்நோயை மனித குலம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. பண்டைய எகிப்தின் வைத்தியச் சுவடிகளில் கருப்பை இடம்பெயர்தல் பேசப்படுகிறது. ஹிப்போகிரட்டீஸ் மரபினைச் சார்ந்த கிரேக்க வைத்தியர்கள் நோயாளியை ஏணியில் தலைகீழாகக் கட்டிக் குலுக்கினர். பாதி மாதுளம் பழத்தை உள்ளே வைத்துத் தாங்கு கொடுத்தனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான சொறானஸ் தலைகீழாகத் தொங்கவிடுவதை எதிர்த்தார். வடமொழி வைத்திய மரபில் சரகமும் சுசுருதமும் யோனி நோய்களை இருபதாக வகுத்தன. இடம்பெயர்ந்த உறுப்புக்கு நெய்ப்பூச்சும் வெப்பமும் தந்து, கையால் உள்ளே தள்ளிக் கட்டுப்போடும் முறையினைக் கூறின. ஏணியைத் தவிர்த்து நோக்கினால், தாங்கு கொடுத்தல், கட்டுதல், படுக்க வைத்தல் ஆகியனவே பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை வைத்தியத்தின் சாரமாக இருந்தன. மாதுளம் பழத்தின் இடத்தை இன்று சிலிக்கன் வளையம் பெற்றுள்ளது.

தமிழில் இவ்வறிவு தோன்றிய காலமும் இங்கு குறிப்பிடற்குரியது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் தமிழாக்கிய 'பிரசவ வைத்தியம்' 1857இல் வெளிவந்தது. தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொணரப்பட்டோர் வடபாதை வழியே காட்டுக்குள் நடந்து மடிந்த காலமும் அதுவே. நவீன மகப்பேற்று நூலொன்று தமிழில் அச்சாகியிருந்த அதே தீவில், தமிழ்ப் பெண்ணொருத்தி லயத்தின் மண் தரையில் எவ்வித வைத்திய உதவியுமின்றிப் பிள்ளை பெற்றாள். மொழி ஒன்றாயிருந்தும் அறிவு அவளைச் சென்றடையவில்லை. அறிவின் பரவலை மொழி மட்டும் தீர்மானிப்பதில்லை; அதனைப் பெறுவோரின் வர்க்க நிலையும் தீர்மானிக்கிறது.

நவீன சத்திரசிகிச்சையின் வரலாற்றில் ஒரு நகரத்தின் பெயர் நிலைத்துவிட்டது. 1845இல் ஏங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் வர்க்கத்தின் நிலைமை பற்றிய தமது நூலை வெளியிட்டார். மஞ்செஸ்டர் நகரின் பருத்தியாலைகளை நேரிற் கண்டு எழுதப்பட்ட அந்நூலில், நீண்டநேர நிற்றலால் இளம் பெண்களின் இடுப்பெலும்பு உருத்திரிவதையும், பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் நாளில் தாய்மார் ஆலைக்குத் திரும்புவதையும் அவர் பதிவு செய்தார். அதன்பின் 43 ஆண்டுகள் கழித்து, 1888இல், அதே நகரில் ஆர்ச்சிபால்ட் டொனால்ட் என்னும் வைத்தியர் கருப்பை இறக்கத்துக்கான புதிய சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். நீண்டுபோன கருப்பைக் கழுத்தின் ஒரு பகுதியை நீக்கி, தளர்ந்த சுவர்களை இறுக்கித் தைக்கும் முறை அது. 1915இல் வில்லியம் பொதர்கில் அதனைத் திருத்தியமைத்தார். உலகெங்கும் அது 'மஞ்செஸ்டர் சத்திரசிகிச்சை' என்றே வழங்கிவருகிறது. வைத்திய நூல்கள் இப்பெயரைச் சத்திரசிகிச்சையாளர்களின் ஊரெனக் கொண்டு கடந்து செல்கின்றன. ஏங்கெல்ஸின் நூலைப் படித்தவர்க்கு அது நோயாளிகளின் ஊருமாகும்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வரலாறு பம்பாய்க்கு இடம் மாறுகிறது. அதுவும் ஒரு பருத்தியாலை நகரமே. கருப்பையை அகற்றிவிடுவதே முற்றிய இறக்கத்துக்குரிய தீர்வாக மேற்கில் பரவலாகக் கைக்கொள்ளப்பட்டது; அங்கே நோயாளிகள் பெரும்பாலும் பிள்ளைப்பேற்றுக் காலத்தைக் கடந்தவர்கள். இந்திய வைத்தியர்களிடம் வந்தவர்களுள் இளம் பெண்கள் கணிசமாக இருந்தனர். அவர்களின் கருப்பையைப் பேணவேண்டிய தேவையிலிருந்தே வி. என். ஷிரோத்கர், பி. என். புரந்தரே முதலியோர் கருப்பையைத் தூக்கிக் கட்டும் முறைகளை வகுத்தனர். அவை இன்றும் அவர்கள் பெயராலேயே கற்பிக்கப்படுகின்றன. தனிமனித ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் அவ்வாற்றல் எந்த வினாவுக்கு விடை தேடிற்று என்பதை, வைத்தியசாலையின் வாசலில் நின்ற பெண்களின் வயதும் வாழ்வுமே தீர்மானித்தன.

கத்தியின் வெற்றி முழுமையானதன்று. அமெரிக்காவில் 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 80 வயதுக்குள் ஒரு பெண் உறுப்பிறக்கத்துக்கோ சிறுநீர்க் கசிவுக்கோ சத்திரசிகிச்சை பெறும் வாய்ப்பு 11.1 சதவீதமாக இருந்தது. அவ்வாய்வில் சத்திரசிகிச்சை பெற்றவர்களுள் 29.2 சதவீதத்தினர் முன்னரும் ஒருமுறை அதனைப் பெற்றவர்கள். பாரமான வேலையிலிருந்து நெடுங்காலம் விலகியிருக்கக்கூடிய பெண்கள் பலர் வாழும் நாட்டின் நிலை இதுவாகும். இக்குறையைப் போக்கவென்று யோனிவழியே பொருத்தப்பட்ட செயற்கை வலை பெரும் வணிகப் பொருளாயிற்று. வலை உள்ளே அரித்தும் தாங்கொணா வலியை விளைவித்தும் பல நாடுகளில் பெண்களை முடமாக்கியது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஒன்றுதிரண்டு வழக்காடினர். 2018இல் பிரித்தானியா அதன் பயன்பாட்டை இடைநிறுத்தியது; 2019இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இறக்கத்துக்கான அவ்வலைகளின் விற்பனையை நிறுத்துமாறு கட்டளையிட்டது. நோயாளி முதலில் சந்தையாகவும் பின்னரே மனிதராகவும் கொள்ளப்படும் முறைமைக்கு இது அண்மைக்கால எடுத்துக்காட்டாகும்.

3. பயிற்சியும் நேரமும்

கத்தியில்லாச் சிகிச்சையின் வரலாறும் கவனத்துக்குரியது. 1948இல் அமெரிக்க வைத்தியரான ஆர்னல்ட் கீகல், இடுப்புத்தளத் தசைகளைப் பெண் தன் விருப்பின்படி இறுக்கித் தளர்த்தும் பயிற்சியினை முறைப்படுத்தி வெளியிட்டார். சிறுநீரை அடக்குவதுபோல் உட்தசையை இறுக்கிச் சில வினாடிகள் வைத்திருந்து தளர்த்தவேண்டும். இதனை நாளில் பல தடவை, மாதக்கணக்கில் செய்யவேண்டும். இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் முன்கூட்டியே அத்தசையை இறுக்கிக்கொள்ளப் பழகுதல் இதன் ஒரு பகுதி. பிரித்தானியா, நியூசிலாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 447 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கற்பிக்கப்பட்ட இப்பயிற்சி நோயின் தொல்லைகளைக் குறைப்பதை நிறுவியது. முற்றாக வெளிவந்த உறுப்பை இப்பயிற்சி உள்ளே இழுத்துவிடாது. அந்நிலையில் தாங்கு வளையமோ சத்திரசிகிச்சையோ வேண்டும். வளையம் மலிவானது, பலருக்குப் போதுமானது, இடையிடையே கழற்றித் துப்புரவு செய்து பரிசோதிக்கப்படல் வேண்டும். இவற்றுடன் மலச்சிக்கல் நீங்கும் உணவு, இருமலுக்கு வைத்தியம், பாரம் தூக்காமை ஆகியனவும் பழக்கவழக்கச் சிகிச்சையில் அடங்குவன.

இவ்வறிவுரைகளுள் கூலி உழைப்பாளியை மனத்திற்கொண்டு உருவானவை எத்தனை? பயிற்சிக்குப் பணம் தேவையில்லை என்பது உண்மை. ஆயின் அதற்கு ஆசிரியர் ஒருவர், தனிமையான இடம், தனக்கெனச் சிறிது நேரம் ஆகியன வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயக் காம்பராவில் மூன்று தலைமுறைகள் உறங்கும்போது தனிமை எங்கிருந்து வரும்? பாரம் தூக்காதே என்னும் அறிவுரை, பாரம் தூக்குவதற்கே கூலி பெறுபவளிடம் வேலையை விட்டுவிடு என்று கூறுவதற்கு ஒப்பாகும். பழக்கத்தை மாற்றுமாறு வைத்தியம் அவளைக் கேட்கிறது. அப்பழக்கமோ அவள் தேர்ந்தெடுத்ததன்று. அது வேலை ஒழுங்கினால் விதிக்கப்பட்டது.

4. பேரும் அரைப்பேரும்

அவ்வேலை ஒழுங்கினைச் சற்று விரிவாக நோக்குவோம். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்ததைத் தொடர்ந்து தேயிலையும், 1876இல் வித்துகள் வந்துசேர்ந்தபின் படிப்படியாக றப்பரும் இத்தீவில் வேரூன்றின. கேகாலை மாவட்டம் றப்பர்ச் செய்கையின் முதன்மை மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைத்துவிட்டுப் பெண் பிரட்டுக்களத்தில் நிற்கிறாள். தேயிலை மலையாயின் கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டி, இடுப்பில் படங்கு சுற்றி, நாள் முழுவதும் நின்றபடி கொழுந்து கிள்ளுகிறாள். மழைநாளில் நனைந்த கொழுந்தின் பாரம் கூடும். நிறுவைக்கு ஏறவும் இறங்கவும் வேண்டும். றப்பர்த் தோட்டமாயின் சில நூறு மரங்களில் பால் வெட்டி, வாளியில் சேர்த்துச் சரிவில் சுமந்து வருகிறாள். வேலை முடிந்தபின் விறகும் தண்ணீரும் காத்திருக்கின்றன. காற்றோட்டமற்ற காம்பராவின் விறகுப் புகை இருமலை நிரந்தரமாக்குகிறது. வைத்தியர்கள் எண்ணிய காரணங்கள் ஒவ்வொன்றும் அவளது ஒரே நாளில் அடங்கிவிடுகின்றன.

குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் முழுநாள் உழைப்புக்கும் அரைப்பேர் என்பது தோட்டத்து வழமை. பேர் போடப்படுவதும் போடப்படாததும் கிலோக் கணக்கிலேயே தங்கியுள்ளன. தோட்டத்து இடாப்பில் கொழுந்தின் நிறைக்கு நிரல் உண்டு. சுமந்தவளின் உடல்நிலைக்கு நிரல் இல்லை. அடிவயிற்றின் பாரத்தால் ஒரு பெண் மெதுவாக நடப்பின் அவளது நோய் இடாப்பில் அரைப்பேராகவே பதிவாகும். நோய் கூலிக்குறைவாக உருமாறும் இம்முறையில், அதனை மறைப்பதே அவளுக்குப் பொருளாதார ரீதியாக நியாயமாகிறது. வெட்கம் என்று பொதுவாகப் பேசப்படும் மனநிலைக்கு இத்தகைய பொருளியல் அடித்தளம் ஒன்றும் உண்டு. 1984 வரை பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலியே வழங்கப்பட்டது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பிரசவத்தின் பின்னரான ஓய்வே இந்நோய்க்கான மிகப் பழைய தடுப்பு முறை. அவ்வோய்வின் சட்ட வரலாறு தெளிவான பாடமொன்றைத் தருகிறது. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் பற்றிய முதற் கட்டளைச் சட்டம் 1872இல் வந்தது. 1912இல் அது புதுப்பிக்கப்பட்டபோது, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு 30 நாள் உணவும் உறைவிடமும் அளிக்கும் பொறுப்பு தோட்டத் துரைமீது சுமத்தப்பட்டது. தொழிலாளர் தொகையைப் பேணுவதில் மூலதனத்துக்கிருந்த அக்கறையை இது காட்டுகிறது. 1939இன் மகப்பேற்று நலன்கள் கட்டளைச் சட்டம் ஓய்வினைப் பணவுரிமையாக்கியது. ஆயின் பிற்காலத்தில் இச்சட்டம் பெற்றிருந்த வடிவத்தில், முதலிரு பிள்ளைகளுக்கு 84 நாளும் மூன்றாம் பிள்ளையிலிருந்து 42 நாளுமே விடுமுறை வழங்கப்பட்டது. 2018ஆம் ஆண்டின் திருத்தமே இவ்வேறுபாட்டை நீக்கியது. பிரசவங்கள் கூடக்கூட இடுப்புத்தளம் தளர்கிறது என்று உடற்கூறு கூறுகிறது. பிரசவங்கள் கூடினால் ஓய்வைப் பாதியாக்கு என்று சட்டம் கூறியது. எந்தப் பெண்ணுக்கு ஓய்வு மிகவும் தேவைப்பட்டதோ அவளுக்கே அது மிகவும் குறைக்கப்பட்டது. சனத்தொகைக் கொள்கை தாயின் தசைநார்களின்மேல் எழுதப்பட்டது எனலாம்.

தோட்டத்துப் பெண்ணிடம் சத்திரசிகிச்சையைக் கொண்டுசேர்ப்பது கடினம், பாதை இல்லை, வசதி இல்லை என்னும் வாதம் வழமையாக முன்வைக்கப்படுவதுண்டு. வரலாறு இவ்வாதத்தை மறுக்கிறது. 1980இல் அரசு கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு ஊக்கப்பணம் வழங்கத் தொடங்கியது. முதலில் 100 ரூபாவாக இருந்த தொகை அவ்வாண்டிலேயே 500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. தோட்டங்கள் அத்திட்டத்தின் முக்கிய களங்களாயின. அப்போது பெண்களை வைத்தியசாலைக்கு ஏற்றிச்செல்ல வாகனம் கிடைத்தது. பதிவு செய்ய உத்தியோகத்தர் கிடைத்தனர். சத்திரசிகிச்சை மேசை கிடைத்தது. அதே இடுப்பின் அதே குழிக்குள், கருக்குழாயை அடைக்க வழி கண்ட அரசியந்திரம், தாழ்ந்த கருப்பையைத் தாங்குவதற்கு அத்தகைய முனைப்பைக் காட்டவில்லை. குறைந்திருந்தது வசதியன்று. ஒரு பெண்ணின் கருவளம் கொள்கையாளருக்குப் பிரச்சினையாகத் தோன்றியது. அவளது வேதனை அவ்வாறு தோன்றவில்லை.

5. சொல்லப்படாமையின் வரலாறு

இலக்கிய மாணவர் என்ற வகையில் எம்மை உறுத்தும் வினா வேறொன்று. தோட்டத்துப் பெண்ணின் துயரைத் தமிழ் இலக்கியம் பேசாமல் விடவில்லை. பாரதி கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுதார். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைத் தமிழ்க் கதையுலகினுட் கொணர்ந்தது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வெளிவந்தது. சி. வி. வேலுப்பிள்ளை தம் எழுத்தாலும் நாட்டார் பாடற் றொகுப்பாலும் அம்மக்களின் குரலைப் பேணினார். கூடை, அட்டை, பனி, கங்காணியின் அதட்டல் ஆகியன இவ்விலக்கிய மரபின் குறியீடுகளாக நிலைபெற்றன. அம்மரபில் பெண்ணுடல் பெரும்பாலும் இரு வகையிலேயே காட்சி தருகிறது: துரையினதும் கங்காணியினதும் இச்சைக்கு ஆளாகும் உடலாக, அல்லது தியாகம் செய்யும் தாயின் உடலாக. உழைப்பினால் தேய்ந்து, உள்ளுறுப்பு இடம்பெயர்ந்து, அந்நிலையிலும் மலையேறும் உடலாக அது காட்சி தருவது மிக அரிது. கூடையைப் பாடிய நாம் கூடையின் பாரம் எங்கே போய் இறங்கிற்று என்று கேட்கவில்லை. முற்போக்கு இலக்கியமும் இத்தன்விமரிசனத்திலிருந்து தப்ப முடியாது.

தொழிற்சங்க வரலாற்றிலும் இதே இடைவெளி உண்டு. தோட்டத் தொழிற்சங்கங்களின் உறுப்பினருள் பெண்கள் பெருந்தொகையினர், தலைமையோ ஆண்களிடம். பேச்சுவார்த்தைகள் நாட்கூலியையும் கொழுந்தின் நிறையையும் சுற்றியே நிகழ்ந்துள்ளன. அவை இன்றியமையாதனவே. எனினும் எத்தனை கிலோ என்னும் வினா கூலியின் வினா மட்டுமன்று, இடுப்புத்தளத்தின் வினாவுமாகும் என்று எவரும் மேசையில் வைக்கவில்லை.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. அதன்பின் நெடுங்காலம் தோட்டத்தின் வைத்தியம் தேசிய சுகாதார சேவைக்குப் புறம்பாகத் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது. 1970களின் தேசியமயமாக்கத்தின் பின்னரே அவ்விடைவெளி மெல்லக் குறையத் தொடங்கியது. 1996இல் நாடளாவிய ரீதியில் தொடங்கப்பட்ட, சிங்களத்தில் 'சுவ நாரி' எனப்படும் மகளிர் நலச் சிகிச்சை நிலையங்கள் ஒரு முன்னேற்றமே. 35 வயதுப் பெண்களைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் முதலியவற்றுக்காக அவை பரிசோதிக்கின்றன. ஆயின் அங்குச் செல்வதற்கு ஒரு நாட்கூலி போகிறது. சப்ரகமுவவின் தோட்டத் தமிழர் சிங்களக் கிராமங்கள் சூழச் சிறு தொகையினராகச் சிதறி வாழ்பவர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களை அனுபவித்தவர். தமிழ் 1987இல் அரசகரும மொழியாயிற்று என்பது சட்டம். சிகிச்சை அறையில் தமிழ் அறிந்தவர் இல்லாதவிடத்து, ஒரு பெண் தன் அடியிறக்கத்தைக் கணவனைக் கொண்டோ பள்ளி செல்லும் மகனைக் கொண்டோ மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். அவள் நாரி நோவு என்று மட்டும் சொல்லி, வலிக்குளிசை வாங்கித் திரும்புவதில் வியப்பில்லை.

6. மௌனம் உடைந்த இடங்கள்

பிற இடங்களில் இம்மௌனம் உடைந்த முறையினை அறிதல் பயனுடையது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் என்னும் வைத்தியத் தம்பதியர் இரு கிராமங்களின் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் முடிவுகளை வெளியிட்டனர். 92 சதவீதத்தினரிடம் மகளிர் நோய் ஏதேனுமொன்று காணப்பட்டது. முன்னர் பரிசோதனை பெற்றிருந்தோர் 8 சதவீதத்தினர் மாத்திரமே. கேட்கச் சென்றவர் இருந்தபோது பெண்கள் பேசினர் என்பதே இதன் பெறுபேறு.

நேபாளத்தில் இந்நோய் அரசியல் வினாவாயிற்று. அங்கு ஏறத்தாழ 6 இலட்சம் பெண்கள் இதனால் பாதிக்கப்பட்டுள்ளனர் எனவும், அவர்களுள் 2 இலட்சம் பேருக்கு உடனடிச் சத்திரசிகிச்சை தேவை எனவும் ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆதரவுடன் 2006இல் நடந்த ஆய்வின் அடிப்படையில் மதிப்பிடப்பட்டது. 2008இல் நேபாள உச்ச நீதிமன்றம் இந்நோயின் பரவலைப் பெண்களின் இனப்பெருக்க சுகாதார உரிமை மீறலாகக் கொண்டு தீர்ப்பளித்தது. தொடர்ந்து அரசு இலவசச் சத்திரசிகிச்சை முகாம்களை நடத்தியது. முகாம்கள் கருப்பையை எடுத்தன. பெண்கள் அதே விறகுக்கட்டுக்குத் திரும்பினர். தடுப்புக்கும் பெண்ணின் வேலைச்சுமைக்கும் உரிய கவனம் அளிக்கப்படவில்லை என்னும் விமரிசனம் சரியாகவே எழுந்தது.

கத்தி எதிர்த்திசையிலும் செயற்படும். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பெருந்தொகையினர் இளவயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்டிருந்தமை 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு நாள் வேலை தவறினும் தண்டம் கட்டவேண்டிய ஒப்பந்தத்தில், நோயும் மாதவிடாயும் இழப்பாகக் கணக்கிடப்பட்டன. தொழிலொழுங்கை மாற்றுவதற்குப் பதிலாக உடலை அதற்கேற்பக் கத்தரித்த கொடுமை இது.

முடிவாக

சத்திரசிகிச்சையையோ பயிற்சியையோ நாம் இங்குக் குறைகூறவில்லை. இரண்டும் மனித அறிவின் அரிய பேறுகள். முற்றிய இறக்கத்தோடு வாழும் அரநாயக்கப் பெண்ணுக்கு நல்ல சத்திரசிகிச்சை கிடைக்கவேண்டும். இளம் தாய்க்குப் பயிற்சி கற்பிக்கப்படவேண்டும். எமது வாதம் வேறு. கத்தி, உறுப்பை அதன் இடத்திற் சேர்க்கிறது. பெண்ணை அவள் நின்ற இடத்திலேயே மீண்டும் நிறுத்துகிறது உற்பத்தி உறவு. சத்திரசிகிச்சையின் பின் குறைந்தது ஆறு வாரங்கள் பாரம் தூக்கலாகாது என்று வைத்தியர் எழுதும் துண்டினை, பேர் போடும் இடாப்பு ஏற்றுக்கொள்ளாதவரை அது வெறுங் காகிதமே.

இதிலிருந்து எழும் கோரிக்கைகள் எளியவை. பிரசவத்தின்பின் வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்குச் சில மாதங்களேனும் முழுப்பேருடன் இலகுவான வேலை. நிறுவை இடங்களைச் சரிவின் நடுவிலேயே அமைத்தல். இந்நோயால் நிறை குறைந்தவளுக்கு அரைப்பேர் போடுவதை நிறுத்துதல். பிள்ளைக் காம்பராவிலேயே தமிழ் அறிந்த குடும்பநல மாதுவினால் பயிற்சியும் பரிசோதனையும். தாங்கு வளையத்தை அருகிலுள்ள வைத்தியசாலையில் கிடைக்கச் செய்தல். கிளினிக் செல்லும் நாளுக்குச் சம்பளம். இவற்றுள் எதுவும் புதிய கண்டுபிடிப்பை வேண்டுவதன்று. இவை அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையின் நிரலில் இடம்பெறவேண்டும். அந்நிரலை எழுதும் மேசையில் கொழுந்து எடுக்கும் பெண்களே அமரவேண்டும்.

மூலதனம் நூலின் வேலைநாள் பற்றிய இயலை எழுதியபோது மார்க்ஸ் வைத்தியர்களின் அறிக்கைகளையும் தொழிற்சாலைப் பரிசோதகர்களின் ஏடுகளையும் வரிவரியாகப் படித்தார். உழைப்பாளியின் உடல் அவருக்கு ஓர் ஆவணமாக இருந்தது. மலையகப் பெண்ணின் உடலும் அத்தகையதோர் ஆவணம். அதனைப் படிக்கத் தொடங்குவதற்கு, அவள் சொல்லத் தயங்கும் சொல்லை முதலில் நாம் தயங்காமல் எழுதவேண்டியுள்ளது. இக்கட்டுரை அதற்கான தொடக்கமாகும்.